வௌவால் மரத்தை வெட்ட வேண்டாம், தீவனத் தொட்டியை நகர்த்துவோம்



கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் போதும், நம்ம பக்கத்தில் இரண்டு விஷயம் நடக்கும். வாளையார் சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்க்க ஆட்கள் நிற்பார்கள். இன்னொரு பக்கம், ஊர் ஓரத்து ஆலமரத்திலோ மருத மரத்திலோ தலைமுறை தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கும் வௌவால்களைப் பார்த்து, "எல்லாம் இதுங்களாலதான், மரத்தையே வெட்டிடலாம்" என்று பேச்சு கிளம்பும்.

முதலாவது அரசின் வேலை, அது நடக்கட்டும். இரண்டாவதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். மரத்தை வெட்டினால் நோய் நிற்காது. சில நேரம் அதிகமாகவும் ஆகும். அதற்காக, "வௌவால் பாவம், அது என்ன செய்யும்" என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. பழந்தின்னி வௌவாலிடம் ஆபத்தான வைரஸ் இருப்பது உண்மை. அது கால்நடை வழியாகவோ நேரடியாகவோ மனிதருக்கு வந்து உயிர்கள் போயிருப்பதும் உண்மை.

எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால், எந்த இடத்தில் அடைக்கலாம் என்றும் தெரியும். இந்தப் பாடம் அதற்குத்தான். மலேசியா, ஆஸ்திரேலியா, வங்கதேசம் என்று மூன்று நாடுகளில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். மூன்றுமே உழவர்களின், கால்நடை வளர்ப்போரின் கதை. பிறகு நம் தோட்டத்துக்கு வருவோம்.

வௌவாலுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

உலகத்தில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. பெரும்பாலானவை பூச்சி தின்பவை. நம் நெல் வயலில் அந்துப்பூச்சியைப் பிடிப்பது இவைதான். நாம் மரத்தில் பார்க்கும் பெரிய வௌவால், பழந்தின்னி. இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் வரும். ரத்தம் குடிக்கும் வௌவால் நம் நாட்டில் கிடையாது. அது லத்தீன் அமெரிக்கப் பகுதிகளில் மட்டும் உள்ளது.

பாலூட்டிகளில் இறக்கை அடித்துப் பறக்கத் தெரிந்தது வௌவால் ஒன்றுதான். பறக்கும்போது அதன் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்தச் சூட்டையும் உழைப்பையும் தாங்குவதற்கு ஏற்றபடி அதன் உடல் பழகியிருக்கிறது. வைரஸ் உள்ளே வந்தால் அதை அடக்கி வைக்கும். ஆனால் நமக்கு வருவதுபோல உடல் முழுக்க அழற்சி கிளம்பி உறுப்புகள் கெடுவதில்லை. வைரஸும் வௌவாலும் பல ஆயிரம் வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்றுக்கொன்று தொந்தரவில்லை.

வைரஸ் வெளியே வருவது எச்சில், சிறுநீர், எச்சம் வழியாக. பழந்தின்னி பழத்தை முழுசாக விழுங்காது. வாயில் வைத்து நசுக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டு, சக்கையைத் துப்பிவிடும். பாதி கடித்த பழத்தையும் கீழே போடும். மரத்தடியில் காலையில் நாம் பார்ப்பது அதைத்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லா வௌவாலும் எல்லா நாளும் வைரஸை வெளியே விடுவதில்லை. கூட்டத்தில் மிகச் சிலவே, அதுவும் சில காலங்களில் மட்டும்தான் விடுகின்றன. இந்த "சில காலம்" எப்போது என்பது முக்கியமான கேள்வி. ஆஸ்திரேலியாவைப் பார்க்கும்போது அதற்கு விடை வரும்.

மலேசியா: மாமரமும் பன்றிக் கொட்டிலும்

1998 செப்டம்பர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரத்துக்குப் பக்கத்தில் பன்றி வளர்ப்பவர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, மயக்கம், பிறகு நினைவிழப்பு. சிலர் இறந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். அது கொசுவால் பரவுவது, பன்றியிலும் பெருகுவது. அதனால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

கணக்கு எங்கேயோ இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. கொசு எல்லா வீட்டுக்கும்தான் போகிறது. ஆனால் அதே பகுதியில் பன்றி வளர்க்காத முஸ்லிம் குடும்பங்களுக்கு நோய் வரவில்லை. பன்றிகளுக்கும் மூச்சுத்திணறலும், தூரத்தில் இருந்தே கேட்கும்படியான குரைப்பு மாதிரி இருமலும் இருந்தன.

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங் என்ற மருத்துவ ஆய்வாளர், இறந்த ஒருவரிடம் எடுத்த மாதிரியிலிருந்து புது வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளி சுங்கை நிபா என்ற ஊர்க்காரர். அந்த ஊரின் பெயரே வைரஸுக்கு வந்தது.

பன்றிக்கு எப்படி வந்தது? முதலில் நோய் கண்ட பண்ணையில் 30,000க்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கூடவே கொட்டிலை ஒட்டி மாந்தோப்பு. ஒரே இடத்தில் இரண்டு வருமானம் என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இரவில் வௌவால்கள் மாம்பழம் தின்ன வந்தன. கடித்த பழம் கொட்டிலுக்குள் விழுந்தது. பன்றி தின்றது. பின்னாளில் தியோமன் தீவில் உள்ள பழந்தின்னிகளின் சிறுநீரிலும், அவை கடித்துப் போட்ட பழத்திலும் இதே வைரஸைக் கண்டார்கள்.

இதில் பண்ணையின் அளவும் முக்கியம். பத்துப் பன்றி உள்ள இடத்தில் வைரஸ் நுழைந்தால், பத்துக்கும் வந்து, பிழைத்தவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்து, தொற்று அதோடு அணைந்துவிடும் வாய்ப்பு அதிகம். 30,000 பன்றி உள்ள இடத்தில் தினமும் புதுக் குட்டிகள் பிறக்கின்றன. அடுப்பில் விறகு தீரவே தீராது. நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

அடுத்து நடந்தது நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் வேறு வேறு ரூபத்தில் பார்த்துப் பழகியது. பயந்துபோன பண்ணையாளர்கள் கிடைத்த விலைக்குப் பன்றிகளை விற்றார்கள். நோய் லாரி ஏறித் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போனது. அங்கிருந்த பன்றிகள் சிங்கப்பூர் இறைச்சிக் கூடத்துக்குப் போயின. அங்கே வேலை பார்த்த 11 பேருக்கு நோய் வந்து ஒருவர் இறந்தார். தூரத்து ஊர்களுக்கு இந்த நோயைக் கொண்டுபோனது வௌவால் இல்லை, அவசர விற்பனை.

1999 மே மாதம் நோய் அடங்கியபோது மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்திருந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். நாட்டில் இருந்த பன்றிப் பண்ணைகளில் பாதிக்கும் மேல் மூடப்பட்டன. அதற்குப் பிறகு பன்றிக் கொட்டிலும் பழமரமும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று கொண்டுவந்தார்கள். அங்கே வௌவால்கள் இன்றும் பறக்கின்றன. வைரஸும் அவற்றிடம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் அதன்பின் மனிதருக்கு நிபா வரவில்லை.

ஆஸ்திரேலியா: காடு போன இடத்தில் குதிரை

மலேசியாவுக்கு நான்கு வருடம் முன்னால், 1994 செப்டம்பரில், பிரிஸ்பேன் நகரத்தில் ஹெண்ட்ரா என்ற பகுதியில் ஒரு பந்தயக் குதிரை லாயம். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குதிரைகள் சில நாட்களில் செத்தன. பயிற்சியாளரும் இறந்தார். அதுதான் ஹெண்ட்ரா வைரஸ். நிபாவுக்கு நெருங்கிய சொந்தம். இதுவும் பழந்தின்னி வௌவாலிடம் இருப்பது.

வழி எளிது. மேய்ச்சல் நிலத்தில் அத்தி மரம் நிற்கும். பழம் பழுக்கும் காலத்தில் வௌவால் வரும். கீழே புல்லில் சிறுநீரும் சக்கையும் விழும். குதிரை நிழலுக்காக அங்கேதான் நிற்கும், மேயும். குதிரையிடமிருந்து மனிதருக்கு வரும். இதுவரை 7 பேருக்கு வந்து 4 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த நால்வரில் இரண்டு பேர் கால்நடை மருத்துவர்கள்.

ஒரு சங்கதியைக் கவனியுங்கள். அங்கே அடிபட்ட வௌவால்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தொண்டர்கள் உண்டு. அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒருவருக்கும் ஹெண்ட்ரா வந்த அடையாளம் இல்லை. வௌவாலைக் கையில் எடுத்தவருக்கு வரவில்லை, நோயுற்ற குதிரையின் வாயில் கைவிட்டவருக்கு வந்தது. குதிரையின் உடலில் வைரஸ் பல மடங்கு பெருகுவதுதான் காரணம்.

இப்போது அந்த "சில காலம்" கேள்விக்கு வருவோம். 1996 முதல் 2020 வரை 25 வருட விவரங்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். முன்பு குளிர்காலத்தில் பூக்கும் யூகலிப்டஸ் காடுகளுக்கு வௌவால்கள் கூட்டம் கூட்டமாகப் போய்த் தேன் குடிக்கும். அந்தக் காடுகளில் பெரும்பகுதியை விவசாயத்துக்கும் வீட்டு மனைக்கும் அழித்துவிட்டார்கள். வறண்ட வருடங்களில் மிச்சக் காடும் பூக்காது. போக இடமில்லாத வௌவால்கள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து ஊர்ப்பக்கமும் பண்ணைப் பக்கமும் குடியேறின. அரைப்பட்டினி. பட்டினியில் இருக்கும் வௌவால்தான் வைரஸை அதிகம் வெளியே விடுகிறது. 2011இல் மட்டும் 18 இடங்களில் குதிரைகளுக்கு நோய் வந்தது.

இதற்கு மறுபக்கமும் அதே ஆய்வில் இருக்கிறது. எந்தக் குளிர்காலத்தில் மிச்சமிருந்த காடு நன்றாகப் பூத்ததோ, அந்தக் குளிர்காலத்தில் வௌவால்கள் காட்டுக்குத் திரும்பிப் போயின. அந்தச் சமயத்தில் குதிரைகளுக்கு நோயே வரவில்லை.

காடு பூத்தால் குதிரை பிழைக்கிறது. இயற்கை வேளாண்மை பேசுகிற நமக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

வங்கதேசமும் கேரளமும்: நடுவில் கால்நடை இல்லாமல்

வங்கதேசத்தில் 2001இல் நிபா முதலில் தெரிந்தது. அங்கே நடுவில் பன்றி தேவைப்படவில்லை. குளிர்காலத்தில் ஈச்ச மரத்தின் உச்சியில் பட்டையைச் சீவி, கீழே மண்கலயம் கட்டி, இரவெல்லாம் வடியும் பதநீரை விடியற்காலையில் பச்சையாகக் குடிப்பார்கள். ருசியான பானம், ஏழைக்கும் கிடைப்பது. இரவில் மரத்தில் கேமரா வைத்துப் பார்த்தபோது, வௌவால்கள் வந்து சீவிய இடத்தை நக்குவதும் அங்கேயே சிறுநீர் கழிப்பதும் தெரிந்தன. இதுவரை அங்கே 300க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்திருக்கிறது. பத்துக்கு ஏழு பேர் இறந்திருக்கிறார்கள்.

அங்கே கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? ஒரு பாவாடை. சீவிய இடத்தையும் கலயத்தையும் சேர்த்து மறைக்கிற மாதிரி மரத்தைச் சுற்றி ஒரு தட்டி. மூங்கில் பிளாச்சு, சணல் குச்சி, தக்கைப்பூண்டுக் குச்சி, எது கிடைக்கிறதோ அதில் பின்னுவது. நாம் பசுந்தாள் உரமாக மடக்கி உழுகிற அதே தக்கைப்பூண்டுதான். தட்டி கட்டிய மரத்தில் வௌவால் பதநீரைத் தொட முடியவில்லை. மரத்தை வெட்டவில்லை, வௌவாலைக் கொல்லவில்லை, பனையேறியின் பிழைப்பும் போகவில்லை. பதநீரைக் காய்ச்சி வெல்லமாக்கினால் சூட்டில் வைரஸ் செத்துவிடும்.

கேரளத்தில் 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா வந்து 17 பேர் இறந்தார்கள். நோயாளிகளைக் கவனித்த செவிலியர் லினியும் அதில் ஒருவர். அங்கே பன்றி, மாடு, ஆடுகளைச் சோதித்ததில் நோய் இல்லை. முதல் நோயாளிக்குப் பிறகு மற்றவர்களுக்குப் பரவியது பெரும்பாலும் மருத்துவமனையில், மனிதரிடமிருந்து மனிதருக்கு. அதன்பின் 2019, 2021, 2023, 2024 என்று திரும்பத் திரும்ப வந்தது. அங்குள்ள பழந்தின்னிகளிடம் வைரஸ் இருப்பதைப் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் உறுதி செய்திருக்கிறது. நம்ம ஊர் மரத்தில் தொங்குவதும் அதே இனம்தான். அது எல்லைக்கோடு பார்த்துப் பறப்பதில்லை.

இரண்டு சாவி

வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று வங்கியிடம், இன்னொன்று வாடிக்கையாளரிடம். ஒரு சாவியால் திறக்காது. மேலே சொன்ன மூன்று நாட்டுக் கதையும் அப்படித்தான். வைரஸ் என்பது வௌவாலிடம் உள்ள சாவி. அதை நம்மால் பிடுங்க முடியாது. இன்னொரு சாவி நம்மிடம் இருக்கிறது. மாமரத்தடியில் வைத்த கொட்டில், அத்தி மரத்தடியில் வைத்த தொட்டி, மூடாத கலயம், இவைதான் அந்தச் சாவி.

மற்ற நோய்களிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். 2002–03 சார்ஸ் நோயில், சீனச் சந்தைகளில் கூண்டில் அடைத்து விற்ற புனுகுப்பூனை நடுவில் நின்றது. அரபு நாடுகளில் 2012இல் தெரிந்த மெர்ஸ் நோயில் ஒட்டகம். 2016–17இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வௌவாலிடமிருந்து வந்த ஒரு கொரோனா வைரஸ் 24,000க்கும் மேற்பட்ட பன்றிக்குட்டிகளைக் கொன்றது. நல்லவேளை, அது மனிதருக்கு வரவில்லை. ஆனால் கொட்டில் கொட்டிலாகக் காலியானது.

கொன்றால் என்ன, வெட்டினால் என்ன?

நம் மாதக் கூட்டத்தில் ஒருவர் நேராகவே கேட்டார்: "ஐயா, நீங்க சொல்றதெல்லாம் சரி. வௌவாலே இல்லைன்னா சாவி ஏது, லாக்கர் ஏது?"

நியாயமான கேள்வி. உகாண்டாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2007இல் கிடாகா என்ற சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு மார்பர்க் நோய் வந்தது. அதுவும் வௌவாலிடமிருந்து வருவதே. சுரங்க வௌவால்களை அடியோடு அழித்தார்கள். சில வருடத்தில் வேறு வௌவால்கள் வந்து குடியேறின. சோதித்தபோது, வைரஸ் உள்ளவற்றின் பங்கு முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2012இல் அதே பகுதியில் இன்னும் பெரிதாக நோய் வந்தது. பழைய கூட்டத்தில் பல வௌவால்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. அவற்றைக் கொன்றதும் காலியிடத்துக்கு வந்தவை பெரும்பாலும் எதிர்ப்பில்லாத இளசுகள். அவற்றில் வைரஸ் தாராளமாகப் பரவியது.

மரத்தை வெட்டினாலும் இதேதான். ஒரு மரத்தில் இருந்த ஆயிரம் வௌவால் செத்துவிடாது. பத்துத் தோட்டத்துக்குப் பிரிந்து போகும். ஊர் ஓரத்தில் ஒரே இடத்தில் இருந்த விஷயம் உங்கள் கொட்டகைக்கு மேலே வந்து உட்காரும், அதுவும் பயந்து, பசியோடு. ஆஸ்திரேலியாவில் நடந்ததை நாமே செய்துகொள்வதாக ஆகும்.

அதோடு வௌவால் செய்கிற வேலைக்கும் கணக்கு எழுத வேண்டும். இலுப்பைப் பூவின் மகரந்தச் சேர்க்கைக்கும் விதை பரவுவதற்கும் வௌவால் வேண்டும். இலவ மரத்துக்கும் வேண்டும். வௌவால் தின்று போட்ட இலுப்பைக் கொட்டையைப் பொறுக்கித்தான் நம் பாட்டிமார்கள் விளக்கெண்ணெய்ச் செலவைக் குறைத்தார்கள். தமிழ்நாட்டில் வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் செய்வது பக்தி மட்டும் இல்லை. கூட்டத்தைக் கலைக்காமல் இருப்பது இன்றைய விஞ்ஞானம் சொல்லும் தடுப்பு முறையும்கூட.

ஒருங்கிணைந்த பண்ணையம் தப்பா?

இது நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி. "மரம், ஆடு, மாடு, கோழி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும், ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவு, எதுவும் வீணாகக் கூடாது" என்று நாம் வருடக்கணக்கில் சொல்லி வருகிறோம். மலேசியப் பண்ணையிலும் அதைத்தானே செய்தார்கள் என்று யாராவது கேட்டால் என்ன பதில்?

இரண்டு பதில். முதலாவது, மாந்தோப்பு ஓரத்தில் 30,000 பன்றியை அடைப்பது ஒருங்கிணைந்த பண்ணையம் இல்லை. அது தொழிற்சாலை. நாட்டு மாடு இரண்டு, ஆடு பத்து, கோழி இருபது என்று வைத்திருக்கும் சிறு உழவரின் தோட்டத்தில், வைரஸ் நுழைந்தாலும் பெருகி நிலைப்பதற்கு இடம் குறைவு.

இரண்டாவது, சிறுசு என்பதற்காக அலட்சியம் கூடாது. வங்கதேசத்தில் ஆடு, மாடு, பன்றிகளின் ரத்தத்தில் இந்த வைரஸ் குடும்பத்துக்கு எதிரான பொருள்களைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் நம் கொள்கையில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்: வௌவால் கடித்த பழம் கால்நடைத் தீவனம் இல்லை, அது மண்ணுக்கு உணவு. எதுவும் வீணாகாது. போகிற இடம் மட்டும் மாறுகிறது.

வரவு செலவு போட்டுப் பாருங்கள். விழுந்த பழத்தால் மிச்சமாகும் தீவனச் செலவு ஒரு சீசனுக்குச் சில நூறு ரூபாய் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியது உங்கள் கொட்டகையும் உங்கள் வீட்டு ஆட்களும். எந்த வங்கியும் இந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போடாது.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

1. தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் மா, சப்போட்டா, கொய்யா, நாவல், அத்தி, ஆல மரங்களுக்குக் கீழே இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் மேலே தகரமோ கீற்றோ போட்டு மூடுங்கள். நிழலுக்கு வேம்பு, புங்கன் இருக்கட்டும்.

2. பழம் பழுக்கும் காலத்தில் அந்த மரங்களுக்குக் கீழே கால்நடையைக் கட்டாதீர்கள். காலையில் விழுந்ததைப் பொறுக்கிய பிறகே மேய விடுங்கள்.

3. வெண்பன்றி வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். கொட்டிலை ஒட்டிப் பழமரம் நட வேண்டாம். இருந்தால் கிளை கொட்டிலுக்கு மேலே வராதபடி கழித்துவிடுங்கள். கூரையும் பக்கவாட்டு வலையும் வேண்டும். ஹோட்டல் கழிவு, மார்க்கெட் பழக்கழிவு கொடுப்பவர்கள் வேகவைத்துக் கொடுங்கள்.

4. கடித்த பழத்தையும் சக்கையையும் கையுறை போட்டு அல்லது மண்வெட்டியால் அள்ளி, குழியில் போட்டுச் சாணக்கரைசல் தெளித்து மண்ணால் மூடுங்கள். நாய், கோழி கிளறாத இடமாக இருக்கட்டும். பழத்தின் மேல் இந்த வைரஸ் சில மணி நேரம் முதல் மூன்று நாள் வரை உயிரோடு இருக்கும். வெயிலும் சோப்பும் அதைக் கொல்லும்.

5. கடிபட்ட பழத்தில் "அந்தப் பக்கம் மட்டும் வெட்டி எறிஞ்சுட்டா போதும்" என்று நினைக்காதீர்கள். முழுசாகத் தள்ளுங்கள். நல்ல பழத்தையும் கழுவி, தோல் சீவித் தின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பழத்துக்குப் பை கட்டினால் உங்களுக்கும் நஷ்டமில்லை. மரத்தின் மேல் தளர்வாக வலை போடாதீர்கள். வௌவால் சிக்கினால் எடுக்கப் போய்க் கடி வாங்க வேண்டியிருக்கும்.

6. பனை, தென்னையில் பதநீர் இறக்கும் நண்பர்கள் பாளையின் சீவிய இடத்தையும் கலயத்தின் வாயையும் சேர்த்து மூடுங்கள். பன்னாடையில் வடிகட்டினால் தூசிதான் போகும், வைரஸ் போகாது. சுண்ணாம்பையும் காப்பு என்று நம்ப வேண்டாம். மூடாத கலயத்தில் இறக்கியதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதே நல்லது.

7. இலுப்பைக் கொட்டை பொறுக்குகிறவர்கள் கையுறை போட்டுப் பொறுக்கி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகு உடையுங்கள். பொறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது.

8. கால்நடைக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல், நடுக்கம், தள்ளாட்டம் என்றால் தனியாகக் கட்டி, முகக்கவசமும் கையுறையும் போட்டுப் பாருங்கள். 1962க்குப் போன் செய்து மருத்துவரை வரவழையுங்கள். அந்த மாட்டை, ஆட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். புதிதாக வாங்கியதை மூன்று வாரம் தனியாக வைத்துப் பிறகு மந்தையில் சேருங்கள்.

9. செத்துக்கிடக்கும் அல்லது அடிபட்ட வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கிணற்றின் வாயை வலை போட்டு மூடுங்கள்.

10. வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால், என்ன தின்றார், எந்தக் கால்நடையைத் தொட்டார் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

11. வேலி ஓரத்திலும் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் ஆல், அத்தி, இலுப்பை, நாவல் நடுங்கள். கொட்டகையிலிருந்து தூரமாக நடுங்கள். வௌவாலுக்கு அங்கே வயிறு நிறைந்தால் உங்கள் தோட்டத்துக்கு வரும் கூட்டம் குறையும். இது வருடக்கணக்கில் பலன் தரும் டெபாசிட் மாதிரி. இன்று போட்டால்தான் பத்து வருடம் கழித்து முதிரும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் "மரத்தை வெட்டிடலாம்" என்று யாராவது சொன்னால், சண்டை போடாதீர்கள். அவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அவர் வீட்டுக் கொட்டகைக்குக் கூடப் போய், தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மரத்தடியில் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து நகர்த்துங்கள். அரை மணி நேர வேலைதான்.